பல் உடையாத பூங்கா

இந்தப் புறநகரில் எந்தப் பூங்கா நல்ல பூங்கா என்று தெரிய வேண்டுமானால் பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர வேண்டும். நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், திமிறுகிற பிள்ளையின் தலையை அசையாமல் வைத்துக்கொள்வதும் என் வேலை. முன்பல் உடைந்து, உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமாக வருகிற பிள்ளைகளிடம் ஊசி போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

“எந்தப் பார்க்குல விழுந்தே கண்ணு?”

வாயில் பஞ்சோடு பதில் சொல்லும். தண்ணீர்த்தொட்டிப் பூங்கா. ரயில்பாலத்துப் பூங்கா. தபால் ஆபீசுக்கு எதிரே சறுக்குமரம் மட்டும் இருக்கிற பூங்கா. பிள்ளைகளின் பயத்தைப் போக்கத்தான் நான் பேச்சுக் கொடுக்கிறேன் என்று நினைத்து, வருகிறவர்களிடமெல்லாம் டாக்டரம்மா என்னை மெச்சிக்கொள்வார். நான் துப்புத் துலக்கியது என் வாலுவுக்காக.

வாலு என் மகள். நாலு வயது. பிறந்ததிலிருந்து பண்ணாத சேட்டை இல்லை என்பதால் நான் வைத்த பெயர் அது. ஆனால் நாங்கள் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளிடம் வாலுத்தனம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சுவரை ஒட்டியே நடப்பாள். கரண்டி கீழே விழுந்தால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அக்கா ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவள். “ஒரு பொட்டு சத்தம் இல்ல, தங்கமான புள்ளை” என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். நாலு வயதுப் பிள்ளை சத்தமே போடாமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும்.

காரணம் அவளுடைய அப்பா. பூங்காக்களில் ஊஞ்சல், சறுக்குமரம், சீசா என்கிற ஏற்றப்பலகை எல்லாம் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் தொழில். அவனைப் போல வேலைக்காரன் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்தான். எதைச் செய்தாலும் முறையாகச் செய்வான். என்னை அடிப்பதையும் முறையாகத்தான் செய்தான். பின்பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து, ஸ்பேனரின் தலையில் இறுக்கிச் சுற்றி, முனையைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு அடிப்பான். துணி சுற்றினால் தோல் கிழியாது. உள்ளே கன்றிப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. என் கடைவாய்ப் பல்லை மட்டும் துணி சுற்றாமல் உடைத்தான், அது கையால் விட்ட அறை என்பதால். பல் மருத்துவமனையில் சேர்ந்த அன்று டாக்டரம்மா என் வாயைப் பார்த்துவிட்டு, “எதைக் கடிச்சே?” என்று கேட்டார். “கல்யாணத்தை” என்றேன். அந்த வாரமே எனக்குப் புதுப் பல் கட்டிவிட்டார்.

ஒருநாள் வாலு அவனுடைய நட்டு போல்ட்டு டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். தரையெல்லாம் உருண்டு ஓடியது. அவன் கத்தவில்லை. பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து, அவளைப் பார்த்துக்கொண்டே ஸ்பேனரில் சுற்ற ஆரம்பித்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தோடு தூக்கி அவன் வலது காலில் கொட்டினேன். அவன் விழுந்து புரண்டு அலறியபோது வாலுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கட்டின துணியோடு பஸ் ஏறினேன். அக்கா இந்தப் பக்கம் எங்கோ இருக்கிறாள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அவளை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே அவன் விட்டதில்லை, அதனால் அவள் வீடு எது என்று தெரியாது. அவன் வேலை பார்த்த இடமோ நகரத்தின் மறுகோடி.

பிள்ளையை மறுபடி கத்த வைக்க வேண்டும், ஓட வைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. வீட்டில் அக்கா தூங்குகிறாள், தெருவில் வண்டிகள் சீறுகின்றன, ஆகவே பூங்கா தேட ஆரம்பித்தேன்.

வீட்டுக்குப் பக்கம் என்று முதலில் தண்ணீர்த்தொட்டிப் பூங்காவுக்குப் போனோம். இரண்டு ஊஞ்சலில் ஒன்று அறுந்து கிடந்தது. மிச்சமிருந்த ஒன்றுக்காக இரண்டு அப்பாக்கள் மல்லுக்கு நின்றார்கள். “என் புள்ளை எவ்வளவு நேரமா நிக்குது தெரியுமா?” என்று ஒருவன் கேட்டான். “நின்னா நிக்கட்டும்” என்றான் மற்றவன். முதலாமவன் தன் சைக்கிளிலிருந்து காற்றடிக்கும் பம்ப்பைப் பிடுங்கி வந்து அவன் நெற்றியில் இறக்கினான். அடிபட்டவன் கீழே விழுந்தபடியே இவன் காலைக் கட்டிக்கொண்டு தொடையைக் கடித்தான். யாருக்காகச் சண்டையோ அந்தப் பிள்ளைகள் இரண்டும் ஊஞ்சலை மறந்துவிட்டு வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தன. வாலு என் புடவைக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே வரவே இல்லை.

ரயில்பாலத்துப் பூங்கா அதைவிட மோசம். ஏற்றப்பலகையில் நடுப் போல்ட்டு இல்லை. எங்கள் கண் முன்னாலேயே பலகை நழுவி, ஒரு பெண் குழந்தையின் தாடையில் இடித்து, உதட்டுக்குக் கீழே பல் வெளியே தெரிந்தது. நான் வேலையில் இல்லை என்பதையே மறந்து, அவள் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு புடவைத் தலைப்பை வாயில் திணித்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா ஓடியபோது, பாலத்தடியில் நின்ற விடலைப் பயல்கள் அந்த அம்மா மேல் பாட்டிலை வீசிச் சிரித்தார்கள். கண்ணாடி மணலில் சிதறியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும். ஊரில் உள்ள கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு வந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல் உடைந்து வந்த பிள்ளைகள் எந்தெந்தப் பூங்காவைச் சொன்னார்கள் என்றே இதுவரை கணக்கு வைத்திருந்தேன். எந்தப் பூங்காவை யாருமே சொல்லவில்லை?

“நூலகத்துக்குப் பின்னாடி ஒரு பார்க் இருக்கில்ல டாக்டர், அங்கேருந்து ஒரு புள்ளைகூட நம்மகிட்ட வந்ததில்லையே” என்று கேட்டேன்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். “முன்னெல்லாம் வரும். இப்ப கொஞ்ச நாளா இல்ல. எல்லாம் அந்தப் பார்க் மாதிரி ஆயிட்டா நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்.”

மறுநாளே போனோம். உள்ளே நுழைந்ததும் என் மனசு லேசாகிவிட்டது. மணல் கிளறி விடப்பட்டு மெத்தென்று இருந்தது. போல்ட்டு முனை ஒவ்வொன்றுக்கும் உருண்டையான மூடி. சறுக்குமரத்தின் ஓரத்தை ராவி மழமழவென்று ஆக்கியிருந்தார்கள். ஒரு மூலையில் லாரி டயரைச் சங்கிலியில் தொங்கவிட்ட பெரிய ஊஞ்சல். சின்ன ஊஞ்சல்கள் எவ்வளவு வேகமாக ஆடினாலும் துளிச் சத்தம் இல்லை. சங்கிலியில் பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில், விரல் நசுங்காமல் இருக்க, கறுப்பு ரப்பர் குழாயைச் செருகியிருந்தார்கள். யார் பெற்ற பிள்ளையோ, இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறான், நல்லா இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் அறையலாம் போல இருக்கிறது.

வாலு ஊஞ்சலில் உட்கார்ந்து குழாயைத் தடவிப் பார்த்தாள். “அம்மா, இது நம்ம வீட்டு ஊஞ்சல்” என்றாள்.

“ஆமாடி ராசாத்தி, இனிமே நம்ம ஊஞ்சல்தான்” என்றேன் நான்.

தினமும் போனோம். முதலில் அவள் சிரித்தாள், பிறகு ஓடினாள். ஒருநாள் சறுக்குமரத்து உச்சியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். இன்னொரு நாள், வரிசையில் முந்திய ஒரு பையனைக் கடித்துவைத்துவிட்டாள். அவன் அம்மா என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நான் உள்ளுக்குள் துள்ளினேன். வாலுவுக்கு வால் முளைத்துவிட்டது.

அந்தப் பூங்காவில் தினமும் ஒரு குட்டி நாயோடு வருகிற அம்மா ஒருத்தர் உண்டு. நாய் எவ்வளவு சிறிசோ அவ்வளவு பெரிய உடம்பு அவருக்கு. ஒரு பெஞ்சு முழுவதும் அவர்தான். அன்று அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, பூங்காவைப் பற்றிப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

“எல்லாம் அந்தத் தம்பியாலதாம்மா. மாசம் ஒரு தடவை வந்து கிரீஸ் போட்டு, முடுக்கிட்டுப் போவாரு. புள்ளைங்கன்னா உயிரு. பாவம், கால்தான் சரியில்ல. சுடுதண்ணி கொட்டிடுச்சாம், வலது காலை இழுத்து இழுத்து நடப்பாரு.”

எங்கள் வீட்டு நிலைப்படியில் வாலுவுக்காக அவன் கட்டின ஊஞ்சல் கண்ணுக்குள் வந்து நின்றது. ஒருமுறை அதன் சங்கிலியில் அவள் சுண்டுவிரல் மாட்டி நசுங்கியதும், தோட்டத்துக் குழாயை வெட்டிச் செருகினான். அது சிவப்புக் குழாய். இது கறுப்பு. நாலு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தி, நல்ல வேலை எது என்று அவனிடமே கற்றுக்கொண்டு, அந்தக் கண்ணாலேயே ஊரெல்லாம் தேடி, கடைசியில் அவன் கையிலேயே பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன்.

எழுந்தேன். வாலு ஊஞ்சலில் இருந்தாள். வேலிக்கு வெளியே வெள்ளை வேன் நின்றிருந்தது. அவன் ஊஞ்சலுக்குப் பின்னால் நின்று மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தான். வாலு கத்தவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு, கையைக் குழாயிலிருந்து எடுக்காமல், கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அத்தனை நாளும் நான் சேர்த்ததெல்லாம் ஒரு நொடியில் போனது.

“நல்லா வளர்ந்துட்டா” என்றான் அவன், நேற்றுத்தான் பிரிந்தோம் என்பதுபோல.

“அவளை விடுங்க.” என் வாயில் அப்போதும் ‘ங்க’தான் வந்தது.

“நான் உங்களைத் தேடவே இல்ல. உங்கக்கா இந்தப் பக்கம்னு தெரியும். பார்க் ஆபீஸ்ல கேட்டு இந்தப் பக்கத்து பார்க் வேலையா ஒவ்வொண்ணா வாங்கிட்டு வர்றேன். ஒழுங்கா பழுது பார்த்து வச்சா நீயே வருவேன்னு தெரியும். மட்டமான எடத்துக்கு நீ அவளைக் கூட்டிட்டுப் போக மாட்டே.” ஊஞ்சலை நிறுத்தி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். “வேன்ல போலாமாடா செல்லம்?”

பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தேன். ஓங்கி ஓர் அறை விட்டான். டாக்டரம்மா கட்டிவிட்ட பல் தெறித்து நாக்கில் உருண்டது. விடவில்லை. என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, சறுக்குமரத்துக் கம்பியில் நெற்றியை மோதினான். மறுபடி மோதினான். கண்ணில் ரத்தம் இறங்கியது. நாய்க்காரம்மா “ஐயோ தம்பி, என்னப்பா இது” என்று அலறுவதும், நாய் குரைப்பதும் எங்கோ தூரத்தில் கேட்டன. மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்கள்.

நான் அவன் முகத்தில் துப்பினேன். ரத்தமும் பல்லுமாகப் போய் விழுந்தது. “விடுடா அவளை” என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவனை ‘டா’ போட்டேன்.

அவன் முகம் மாறவில்லை. இடுப்பிலிருந்து ஸ்பேனரை உருவினான். பின்பாக்கெட்டிலிருந்து துணியை இழுத்தான். துணி சுற்ற இரண்டு கையும் வேண்டும். அதற்காக வாலுவைக் கீழே இறக்கினான். வேறு எவனாக இருந்தாலும் அப்படியே ஓங்கியிருப்பான், நான் செத்திருப்பேன். இவன் முறை தவற மாட்டான். குனிந்து, துணியை ஸ்பேனரில் சுற்றி, முனையைப் பல்லில் கவ்வினான்.

டயர் ஊஞ்சல் எனக்குப் பக்கத்தில் தொங்கியது. ‘ஆடற டயர் முன்னாடி நிக்காதே, ஆளையே சாய்ச்சிடும்’ என்று அவன்தான் எனக்குச் சொல்லியிருக்கிறான். இரண்டு கையாலும் அதைப் பின்னால் இழுத்து, என் உடம்பு பாரம் முழுவதையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். கிரீஸ் போட்ட சங்கிலி, சத்தமே இல்லாமல் போனது. சத்தம் வந்திருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பான். முடிச்சை இழுத்துக்கொண்டிருந்த வாயோடு முகத்தில் வாங்கினான்.

மல்லாந்து விழுந்தான். ஸ்பேனர் என் காலடிக்கு உருண்டு வந்தது, துணி அவிழ்ந்துவிட்டது. எடுத்தேன். வெந்த காலின் முட்டியில் முதல் அடி. உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவன் கையை நீட்டி என் கணுக்காலைப் பிடித்தான். அந்த விரல்கள் மேல் அடுத்தது. பிடி விடும்வரை அடித்தேன். நான் துணி சுற்றவில்லை. அவன் தலைக்கு மேல் ஓங்கியபோது வாலு கம்பத்தை ஒட்டி நின்று என்னைப் பார்த்தாள், அவள் அப்பாவைப் பார்க்கிற அதே பார்வை. என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பார்வை மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு அவனைக் கொன்றிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஸ்பேனரை வேலிக்கு அப்பால் வீசினேன். அவன் புரண்டு எழப் பார்த்தான். அதற்குள் நாய்க்காரம்மா வந்து அவன் முதுகில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே போலீசுக்குப் போன் போட்டார். “இந்தத் தம்பியையா நான் நல்லவருன்னு சொன்னேன்” என்று போலீஸ் வரும்வரை புலம்பிக்கொண்டே இருந்தார், எழுந்திருக்கவில்லை. மணலில் அவனுடைய முன்பற்கள் கிடந்தன. அவன் கை வைத்த பிறகு அந்தப் பூங்காவில் பல் உடைந்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொன்னாலே எரிச்சல் வருகிறது. எனக்கு நெற்றியில் தையல். போலீஸ் என்னையும் உட்கார வைத்து, முட்டியை ஏன் உடைத்தாய் என்று கேட்டது. நாய்க்காரம்மா சாட்சி சொன்னதால் விட்டார்கள். அவன் கட்டுப் பிரிக்கும்வரை ஆஸ்பத்திரியில் இருந்தான், பிறகு கொஞ்ச நாள் உள்ளே, பிறகு வெளியே. நாங்கள் இருக்கிற வீட்டுப் பக்கமோ என் வேலை இடத்துப் பக்கமோ அவன் வரக் கூடாது என்று உத்தரவு. பூங்காக்களைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. அவனுக்கு வேலை கொடுக்கிற பூங்கா ஆபீசில் போய்ச் சண்டை போட்டேன். அங்கே இருந்தவர் என் தையலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “குடும்பத் தகராறுல நாங்க தலையிட முடியாதும்மா. இவ்வளவு சுத்தமா வேலை செய்யற ஆள் கிடைக்கறது கஷ்டம்” என்றார். அவர் மேசையில் இருந்த தண்ணீரை அவர் மேலேயே ஊற்றிவிட்டு வந்தேன்.

அக்கா வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றாள். எந்த ஊரில் பூங்கா இல்லை, எந்த ஊரில் போல்ட்டு முடுக்க ஆள் வேண்டாம்? வாலு மறுபடி மேசைக்கு அடியில் போய் உட்கார ஆரம்பித்திருந்தாள். வீட்டிலேயே பூட்டி வைத்து அவளை ஊமையாக்க எனக்கு மனசில்லை.

நேற்று மருத்துவமனைக்கு ஒரு பையன் வந்தான். முன்பல் பாதி இல்லை, உதடு தொங்கியது. தலையைப் பிடித்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“தண்ணித்தொட்டி பார்க்கு” என்றான் பஞ்சோடு.

அங்கே இன்னும் பல் உடைகிறது. அப்படியென்றால் அவன் இன்னும் அங்கே கை வைக்கவில்லை. அந்தப் பையனின் வலியைப் பார்த்துக்கொண்டே எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. மருந்து வைத்து முடிந்ததும் வாலுவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன்.

வாலு உடனே ஏறி உட்காரவில்லை. ஊஞ்சலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, கையை மட்டும் நீட்டி அதை ஆட்டிவிட்டாள். துருப்பிடித்த சங்கிலி தெருக்கோடிவரை கேட்கும்படி கிறீச்சிட்டது. காதைச் சாய்த்து நன்றாகக் கேட்டாள்.

“பயமில்லம்மா, இது கத்துது” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

சங்கிலியில் அவள் விரல் நசுங்காமல் இருக்க, அவள் கைகளின் மேல் என் கைகளை வைத்துப் பிடித்துக்கொண்டு ஆட்டிவிட்டேன்.